நாலு டீயும் ஒரு நாயும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. இன்னிக்கு எழுதப் போறது காபி, டீ பத்தின ஒரு குட்டி சரித்திரம். அதுக்கு முன்னாடி என்னோட சொந்தக் கதை ஒண்ணு. இதையெல்லாம் நான் ஏன் தேடித் தேடிப் படிச்சேன்னு அப்பத்தான் புரியும்.

பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி நடந்தது. முந்தின ராத்திரி முழுக்க ரிலீஸ் வேலை. காலையில ரூமுக்கு வந்து படுத்தா, ஏதோ உடைஞ்சிருச்சுன்னு போன். மறுபடி பொட்டியைத் திறந்து உக்காந்தாச்சு. முப்பத்தாறு மணி நேரத்துல மொத்தமா ரெண்டு மணி நேரம் கண்ணை மூடியிருந்தா அதிகம். அன்னிக்கு ராத்திரி 11 மணிக்குப் பெங்களூர்ல இருந்து விருதுநகருக்குக் கார்ல கிளம்பினோம், நானும் செந்திலும். செந்தில் காலேஜ்ல இருந்து கூட இருக்கிறவன். கார் ஓட்டத் தெரியாது. ஓசூர் தாண்டுறதுக்குள்ள குறட்டை விட ஆரம்பிச்சுட்டான்.

கிருஷ்ணகிரியில ஒரு டீ. தருமபுரியில ஒரு டீ. தொப்பூர் இறக்கம் முடிஞ்சதும் ஒரு டீ. சேலத்துல "ஸ்ட்ராங்கா போடுங்கண்ணே"ன்னு சொல்லி இன்னொண்ணு. ஜன்னலை இறக்கி விட்டாச்சு, பாட்டைச் சத்தமா வச்சாச்சு, மூஞ்சியில தண்ணியும் அடிச்சாச்சு. நாலு டீ உள்ள போயிருக்கு, இனிமே தூக்கமாவது வர்றதாவதுன்னு ஒரு தெம்பு.

நாமக்கல்லுக்குக் கொஞ்சம் முன்னாடி, விடிகாலை மூணேகால் இருக்கும். இடது பக்க டயர் ஜல்லியில ஏறின சத்தம்தான் அடுத்து எனக்கு ஞாபகம் இருக்கறது. அதுக்கு முன்னாடி சில விநாடிகள், படச்சுருளை வெட்டி எடுத்த மாதிரி, காணவே காணோம். எதிர்ல ரோட்டோரமா லைட்டே போடாம ஒரு லாரி நிக்குது. பிரேக்கை மிதிச்ச மிதியில வண்டி கோணலா போய் நின்னுச்சு. லாரிக்கும் செந்தில் உக்காந்திருந்த பக்கத்துக்கும் நடுவுல ஒரு ஆறடி இருந்திருக்கும்.

செந்தில் பதறி எந்திரிச்சான். "என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடா. நாய் குறுக்க வந்துருச்சு."

நாய் எதுவும் வரலை.

ஊருக்குப் போய்ப் பொங்கல் சாப்பிட்டதெல்லாம் சரி. ஆனா ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. நாலு டீ குடிச்சும் எப்படித் தூங்கினேன்? டீ, காபி உண்மையிலேயே தூக்கத்தை விரட்டுதா, இல்லை நாமளா அப்படி நெனச்சுக்கறோமா? முதல்ல இதை யார் சோதிச்சுப் பார்த்தது? இப்படித் தோண்ட ஆரம்பிச்சுதான் இந்தப் பதிவு.

ஒரு பூனை, ஒரு கவிஞர்

காபி குடிச்சா முழிச்சிருக்கலாம்ங்கிறது பழைய சமாசாரம்தான். 15ஆம் நூற்றாண்டுலயே ஏமன் நாட்டு சூஃபிகள் ராத்திரி தியானத்துல கண் அசராம இருக்கக் காபி குடிச்சிருக்காங்க. ஆனா காபிக்குள்ள இருக்கிற எந்தப் பொருள் இந்த வேலையைச் செய்யுதுன்னு 1819 வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஜெர்மனியில யேனா நகரத்துல ஃபிரீட்லீப் ரூங்கேன்னு ஒரு வேதியியல் மாணவர், வயசு 25தான். பெல்லடோனாங்கிற விஷச்செடியோட சாறு பட்டா கண்ணோட பாப்பா விரியும்னு கண்டுபிடிச்சிருந்தார். இதைக் கேள்விப்பட்ட மகாகவி கதே, நேர்ல வந்து காட்டுன்னு கூப்பிட்டார். ரூங்கே ஒரு பூனையைத் தூக்கிக்கிட்டுப் போய், அதோட கண்ணுல சாறு விட்டு, கண் விரியறதைக் காட்டினார். கதேக்கு ஒரே சந்தோஷம். கிளம்பும்போது கொஞ்சம் காபிக் கொட்டையைக் கையில குடுத்து, இதுக்குள்ள என்ன இருக்குன்னும் பாருன்னு சொல்லி அனுப்பினாராம். சில மாசத்துலயே ரூங்கே காஃபீனைத் தனியா பிரிச்சு எடுத்துட்டார். 1821ல பிரான்ஸ்ல பெல்தியே, காவந்து, ரோபிகே ஆகியோரும் தனித்தனியா அதே பொருளைப் பிரிச்சாங்க. டீயில இருந்து எடுத்ததுக்கு "தேயீன்"னு வேற பேர் வச்சிருந்தாங்க. 1838ல ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்சு போச்சு. ரூங்கே 1867ல வறுமையிலதான் செத்தார். உலகமே காலையில எந்திரிச்சு முதல்ல தேடற பொருளைக் கண்டுபிடிச்ச மனுஷனுக்கு அந்தக் கதி.

தோடர்களைப் படித்தவரும் கோலா வழக்கும்

பொருள் கிடைச்சாச்சு. அது உண்மையிலேயே வேலை செய்யுதான்னு சோதிக்கறதுதான் கஷ்டம். காபி குடிச்சவனைக் கேட்டா "ஆமா, சுறுசுறுப்பா இருக்கு"ன்னுதான் சொல்லுவான். அது காஃபீனா, இல்லை மனப்பிரமையா?

இதை ஒழுங்கா யோசிச்சவர்கள்ல முக்கியமானவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ். இவரை நமக்கு வேற விதத்துல தெரியும். நீலகிரிக்கு வந்து தோடர் மக்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி, 1906ல புத்தகம் போட்டாரே, அதே ரிவர்ஸ்தான்! 1907ல விரல் தசை எவ்வளவு வேலை செஞ்சு களைச்சுப் போகுதுன்னு அளக்கற கருவியை வச்சுக் காஃபீனைச் சோதிச்சார். குடிக்கறது மருந்தா, வெறும் டம்மியான்னு சோதனைக்கு உட்படறவருக்கே தெரியாத மாதிரி, ருசியில வித்தியாசம் இல்லாம ரெண்டு திரவம் தயாரிச்சார். நான் தேடினது இந்த மாதிரி சோதனையைத்தான்.

அடுத்தது அமெரிக்காவுல ஒரு கோர்ட் கேஸ். 1909ல அரசாங்க அதிகாரிகள் கோக கோலா சரக்கைப் பிடிச்சு, காஃபீன் உடம்புக்குக் கெடுதல்னு வழக்குப் போட்டாங்க. வழக்கோட பேரே "அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் நாற்பது பீப்பாய்களும் இருபது சின்னப் பீப்பாய்களும்". பிரதிவாதி பீப்பாய்! :-) காஃபீன் மூளையை என்ன செய்யுதுன்னு காட்ட கம்பெனிக்கு ஒரு ஆராய்ச்சியாளர் தேவைப்பட்டார். கம்பெனி காசுல பண்ற ஆராய்ச்சிக்கு எவன் மதிப்பு குடுப்பான்னு பெரிய ஆளுங்க யாரும் முன்வரலை. கைச்செலவுக்குக்கூட முட்டுப்பாடா இருந்த ஹாரி ஹாலிங்வொர்த்ங்கிற இளம் உளவியல் ஆசிரியர் ஒத்துக்கிட்டார். அவர் மனைவி லீட்டா மேல படிக்கணும், அதுக்குப் பணம் வேணும்.

ஆனா மனுஷன் நிபந்தனை போட்டுட்டுத்தான் இறங்கினார். முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவேன், என் பேரையோ முடிவையோ விளம்பரத்துல போடக்கூடாதுன்னு. 1911ல நியூயார்க்ல ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, 16 பேரை வச்சு, சுமார் 40 நாள் சோதனை. கேப்ஸ்யூல்ல இருக்கறது காஃபீனா டம்மியான்னு முழுங்கறவருக்கும் தெரியாது, அளக்கறவருக்கும் தெரியாது. முடிவு: மிதமான அளவுல காஃபீன் கை வேகத்தையும் மூளை வேகத்தையும் கூட்டுது, குறைஞ்ச அளவுல தூக்கத்தையும் பெருசா கெடுக்கலை. வழக்கு இதனால முடிவாகலைங்கிறது தனிக்கதை. 1916ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியில கம்பெனியே காஃபீன் அளவைக் குறைச்சுக்கிட்டு சமாதானமாச்சு.

நான் கவனிச்சது ஒண்ணுதான். ஹாலிங்வொர்த் கேட்ட கேள்வி நல்லாத் தூங்கி எந்திரிச்ச ஆட்களைப் பத்தினது. என் கேள்வி அது இல்லையே. தூக்கம் கெட்டவன் ஸ்டீரிங்கைப் பிடிச்சா என்ன ஆகும்?

துண்டு போட்டு இடம் பிடிப்பது

அதுக்கு முதல்ல காஃபீன் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். இது தெரிய இன்னும் அறுபது, எழுபது வருஷம் ஆச்சு.

நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேர்ந்துக்கிட்டே வரும். அதுக்குன்னு நரம்பு செல்கள்ல ஏற்பிகள் இருக்கு. அங்க போய் உக்காந்தா "போதும், படு"ன்னு மூளைக்குச் செய்தி. காஃபீன் குடும்பத்துப் பொருட்கள் இந்த அடினோசினைத் தடுக்குதுன்னு 1970ல தெரிஞ்சது. 1981ல சாலமன் ஸ்னைடர் குழு, காஃபீனோட உசுப்பற குணத்துக்கே இதுதான் காரணம்னு காட்டினாங்க. முழிச்சிருக்கிற நேரம் கூடக்கூட அடினோசின் சேருதுங்கறதை 1997ல மூளைக்குள்ளயே அளந்து பார்த்தாங்க. எந்தப் பிராணியில? பூனையில! ரூங்கேயோட பூனைக்கு அப்புறம் 178 வருஷம் கழிச்சு.

நம்ம ஊரு பாஷையில சொல்லணும்னா, பஸ் ஸ்டாண்ட்ல ஜன்னல் வழியா சீட்டுல துண்டு போடறோம்ல, அதைத்தான் காஃபீன் பண்ணுது. அடினோசின் ஏறி வந்து பார்த்தா எல்லா சீட்லயும் துண்டு. சரின்னு நின்னுக்கிட்டு இருக்கும். ஆனா பஸ்ஸை விட்டு இறங்கிப் போகலை பாருங்க. மேல மேல ஆள் ஏறிக்கிட்டேதான் இருக்கும். துண்டை எடுத்த அடுத்த நிமிஷம் அத்தனை பேரும் தொபக்கடீர்னு உக்காருவாங்க. அவங்களைக் கீழ இறக்கிவிடறதுக்கு ஒரே வழி தூக்கம்தான். காபியால தூக்கக் கடன் அடையறதில்லை. கடன்காரன் கதவைத் தட்டற சத்தம் கொஞ்ச நேரம் நம்ம காதுல விழாது, அவ்வளவுதான்.

ஹார்ன் அடித்த ஹார்ன்

இப்ப ரோட்டுக்கு வருவோம். இங்கிலாந்துல லஃப்பரோ பல்கலைக்கழகத்துல ரெண்டு பேர், ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர். தூங்கற டிரைவரை ஆராய்ச்சி பண்றவர் பேரு ஹார்ன்! பொருத்தமா வச்சிருக்காங்க :-)

1995ல விபத்துப் பதிவுகளைக் கிளறினாங்க. பிரேக் போட்ட தடமே இல்லாம நேரா போய் மோதின வண்டிகளைத் தனியா பிரிச்சுப் பார்த்தாங்க. தென்மேற்கு இங்கிலாந்தின் முக்கிய சாலைகள்ல 16 சதவீத விபத்து தூக்கத்தால நடந்தது. மத்திய இங்கிலாந்து மோட்டார்வேக்கள்ல 20 சதவீதத்துக்கும் மேல. உச்ச நேரம் மூணு: ராத்திரி 2 மணி, காலை 6 மணி, சாயங்காலம் 4 மணி வாக்குல. தூங்கினவங்கள்ல பாதிப்பேர் யார் தெரியுமா? 30 வயசுக்குக் கீழ இருக்கற ஆம்பளைங்க. இந்த வரியைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அடுத்து சிமுலேட்டர் சோதனைகள். முந்தின ராத்திரி அஞ்சு மணி நேரம்தான் தூங்க விடுவாங்க. மறுநாள் மதியம், சலிப்பான நீள ரோட்டுல, மணிக்கணக்கா ஓட்டணும். சக்கரம் கோட்டைத் தாண்டினா ஒரு தப்பு. 1996ல 150 மில்லிகிராம் காஃபீன் இருக்கிற காபியும் பலன் தந்தது, 15 நிமிஷத்துக்குள்ள ஒரு குட்டித் தூக்கமும் பலன் தந்தது. காஃபீன் இல்லாத டம்மி காபி உதவலை. 1997ல ரெண்டையும் சேர்த்தாங்க. 200 மில்லிகிராம் காஃபீன் மட்டும் குடிச்சவங்களோட தப்பு, டம்மி குடிச்சவங்களோட தப்புல 34 சதவீதமா குறைஞ்சது. காஃபீனும் குடிச்சு, உடனே குட்டித் தூக்கமும் போட்டவங்களுக்கு 9 சதவீதம்!

காரணம் எளிமையானது. குடிச்ச காஃபீன் மூளைக்குப் போய் வேலையைத் தொடங்க 20, 30 நிமிஷம் ஆகும். அந்த நேரத்தை நாம என்ன பண்றோம்? கிளாஸை வச்சுட்டு உடனே வண்டியை எடுத்துடறோம். அவங்க அந்த நேரத்துல தூங்கறாங்க. தூக்கம் கொஞ்சம் அடினோசினை இறக்கிவிடும், எந்திரிக்கறப்ப காஃபீன் வந்து துண்டு போடும். சரியாத் தூங்காம சும்மா கண்ணை மூடிக் கிடந்தவங்களுக்குக்கூடப் பலன் இருந்தது. பிரிட்டனோட சாலை விதிக் கையேட்டுல 91-வது விதியிலயே இது இருக்கு: உதாரணத்துக்கு ரெண்டு கப் காபி, அப்புறம் குறைஞ்சது 15 நிமிஷத் தூக்கம்.

என்னோட மத்த வித்தைகளையும் விட்டு வைக்கலை. 1998ல மூஞ்சியில குளிர்காத்து அடிச்சும், ரேடியோ போட்டும் பார்த்திருக்காங்க. கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். நிறுத்த ஒரு நல்ல இடம் பார்க்கற வரைக்கும் உதவும், அவ்வளவுதான். ஜன்னலும் போச்சு, பாட்டும் போச்சு.

2000ல வந்த சோதனைதான் எனக்கு நேரா கன்னத்துல அறைஞ்சது. அஞ்சு மணி நேரம் தூங்கினவனுக்கு 200 மில்லிகிராம் காஃபீன் விடிகாலையில ரெண்டு மணி நேரம் கைகொடுத்தது. ராத்திரி பூரா தூங்காதவனுக்கு? வெறும் அரைமணி நேரம். அதுக்கு மேல நிலைமை மோசமாகி, ஒரு மணி நேரத்துல ஓட்டறதையே நிறுத்த வேண்டியதாப் போச்சு.

இப்ப என் கணக்கைப் போடுங்க. 240 மில்லி பெரிய கப் டீயில சுமாரா 40, 50 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். நம்ம டீக்கடை கிளாஸ் அதுல பாதிகூட இல்லை, அதுலயும் பாலும் சக்கரையும். நாலு கிளாஸ் சேர்த்தாலும் 80, 90 தேறினா அதிகம். 200 மில்லிகிராமே அரைமணிதான் தாங்கும்ங்கிற ஆளு, அதுல பாதியைக் குடிச்சுட்டு விருதுநகர் வரைக்கும் ஓட்டிடலாம்னு கிளம்பியிருக்கேன்.

இன்னொண்ணு. 1997ல ஆஸ்திரேலியாவுல டாசன், ரீட்னு ரெண்டு பேர், முழிச்சிருக்கறதையும் குடிச்சிருக்கறதையும் ஒப்பிட்டாங்க. 17 மணி நேரம் முழிச்சிருந்தவனோட கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்துல 0.05 சதவீத ஆல்கஹால் இருக்கிறவனுக்குச் சமம். 24 மணி நேரம்னா சுமார் 0.10. நம்ம நாட்டுச் சட்டத்துல வரம்பு 0.03. அன்னிக்கு என்னைப் போலீஸ் ஊதச் சொல்லியிருந்தா மீட்டர் பூஜ்யம்தான் காட்டியிருக்கும். "போங்க தம்பி"ன்னு அனுப்பியிருப்பாங்க.

"தூங்கவே இல்லை"

2001 பிப்ரவரி 28. இங்கிலாந்துல செல்பி பக்கம் கிரேட் ஹெக். ராத்திரி பெரும்பகுதி போன்ல பேசிட்டு இருந்த ஒருத்தர், விடியக்காலை லேண்ட் ரோவர்ல டிரெய்லரை இழுத்துக்கிட்டுக் கிளம்பினார். வண்டி எம்62 நெடுஞ்சாலையை விட்டு விலகி, சரிவுல இறங்கி, ரயில் தண்டவாளத்துல போய் நின்னது. லண்டன் போற ரயில் அதுல மோதித் தடம் புரண்டு, எதிர்ல வந்த நிலக்கரி ரயில்ல இடிச்சது. பத்துப் பேர் செத்துட்டாங்க. அவர் தூங்கிட்டார்ங்கறது அரசுத் தரப்பு வாதம். நான் தூங்கவே இல்லைன்னு அவர் சொன்னார். ஜூரி நம்பலை. அஞ்சு வருஷம் சிறை.

இதைப் படிச்சப்ப என்னோட நாய் ஞாபகம் வந்துச்சு. அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆறடி.

1998ல ஹார்னும் ரெய்னரும் இன்னொரு கேள்வியையும் சோதிச்சிருக்காங்க. தூங்கப் போறோம்னு டிரைவருக்கு முன்கூட்டியே தெரியுமா? தெரியும். பெரிய தப்பு நடக்கறதுக்கு முன்னாடி அவங்க தூக்கத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க, அதை அவங்களே உணர்ந்தும் இருந்தாங்க. "திடீர்னு கண் அசந்துட்டேன் சார்"ங்கறது பெரும்பாலும் உண்மை இல்லை. எனக்கும் தெரியும். சேலத்துல டீ குடிக்கும்போதே தெரியும். தெரிஞ்சதாலதான் ஸ்ட்ராங்கா போடச் சொன்னேன்.

டீ, காபியே வேஸ்ட்டுன்னு சொல்ல வரலை. ஆஸ்திரேலிய லாரி டிரைவர்களை வச்சு 2013ல வந்த ஆய்வுல, காஃபீன் எடுத்துக்கிட்டவங்களுக்கு விபத்து வாய்ப்பு 63 சதவீதம் குறைவா இருந்தது. நிச்சயமா உதவுது. கொஞ்சம் தூங்கினவனுக்கு உதவுது. தூங்கவே தூங்காதவனுக்கு அது குடுக்கறது தெம்பு மாதிரி ஒண்ணு, அவ்வளவுதான்.

நான் இப்ப பண்றது இது. ரிலீஸ் முடிஞ்ச ராத்திரி வண்டி எடுக்கறதில்லை, பஸ்தான். பகல்ல ஓட்டினாலும் கண் கனத்தா நிறுத்தி, ரெண்டு காபி குடிச்சுட்டு, இருபது நிமிஷம் அலாரம் வச்சுப் படுத்துடறேன். போன மாசம் திண்டுக்கல் தாண்டி ஒரு ஹோட்டல் வாசல்ல அப்படிப் படுத்திருந்தப்ப அப்பா போன் பண்ணார்.

"எங்கப்பா வந்துக்கிட்டு இருக்க?"

"திண்டுக்கல் தாண்டித் தூங்கிட்டு இருக்கேம்ப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "யாரு ஓட்டறா?"ன்னார் :-)

செந்தில், நீ இதைப் படிப்பேன்னு தெரியும். அன்னிக்கு நாய் எதுவும் வரலைடா. நான்தான் தூங்கிட்டேன். மன்னிச்சுக்க மச்சி. அடுத்த தடவை நான் டீக்கடையில "இன்னும் ஒரு டீ"ன்னு சொன்னா, சாவியைப் பிடுங்கி வச்சுக்க.